மூன்றாம் தவணை

எட்டாயிரம் டாலர், வீட்டுக்கு.
நாற்பத்திரண்டாயிரம், அதை வீடாக்க.
கிளீவ்லாந்து நகராட்சியின் காகிதம் இப்படித்தான் பிரித்தது.
நானும் அதன் கீழே கையெழுத்திட்டேன்:
டெல்ஃபின் ரக்கர், வயது நாற்பத்தொன்று,
மருத்துவமனைச் சலவைக்கூடம், இரவுப் பணி,
ஆண்டு வருமானம்
வரம்புக்குக் கீழே இருநூற்றுப் பதினோரு டாலர்.

அந்த இருநூற்றுப் பதினொன்றை
நிறைகுடம்போல் தளும்பாமல் தூக்கி நடந்தேன்.
மார்ச்சில் கூடுதல் வேலைக்குக் கூப்பிட்டார்கள்;
முதுகுவலி என்றேன்.
முதுகு நன்றாகத்தான் இருந்தது.
ஏழையாக இருப்பதற்கும்
கணக்கு வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

முதல் நாள் சாவி தேவைப்படவில்லை.
பலகை அடித்த கதவை நெம்பித் திறந்தோம்,
தம்பி லியாண்டரும் நானும்.
பதினான்கு குளிர்காலங்கள்
எங்களுக்கு முன்பே குடியேறியிருந்தன.
சமையலறைத் தரையைப் பிளந்து
பெயர் தெரியாத மரமொன்று
சன்னல் உயரம் வளர்ந்து
தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது.
செப்புக் குழாய்களை யாரோ
மீனில் முள் எடுப்பதுபோல்
அவ்வளவு பக்குவமாக உருவியிருந்தார்கள்.
சுவரில் ஒரு நாள்காட்டி. ஜூலை மாதம்.
ஒரு புதன்கிழமையைச் சிவப்பில் வட்டமிட்டு
‘பல் டாக்டர், பத்து மணி.’
போனார்களா, தெரியாது.

வேலையை முடித்துக் காட்டினால்தான் பணம், இது நகராட்சி.
பணத்தைக் காட்டினால்தான் வேலை, இது கூரைக்காரர்.
இரண்டுக்கும் நடுவில்
லியாண்டர் தன் டிரக்கை அடகு வைத்தான்.
மூன்று வாரம் பேருந்தில் போனான்,
மடியில் துளைப்பான் பெட்டியோடு.

ஐந்தாண்டு இங்கேயே குடியிருந்தால்
ஆண்டுக்கு ஐந்திலொரு பங்கு கடன் கரையும்.
கழிக்கப்படும் என்று எழுதியிருக்கலாம்.
மன்னிக்கப்படும் என்று எழுதியிருந்தார்கள்.
ஆண்டொன்றுக்கு
எட்டாயிரத்து நானூறு டாலர் மன்னிப்பு.
நான் செய்த பிழை என்னவென்று எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

நவம்பரில் பழைய பெயருக்கு ஒரு கடிதம் வந்தது:
திரு. காசிமிர் யானோவ்ஸ்கி,
தாங்கள் செலுத்தத் தவறிய
பதினேழு மாதத் தவணைகள் குறித்து...
உறையின் மூலையில் ஒரு நீல இலை.

எங்கோ பார்த்த இலை.
வீடு வாங்குவோருக்கான எட்டு சனிக்கிழமை வகுப்பில்
காப்பிக் கோப்பையில் இருந்தது.
எனக்குக் கிடைத்த கோப்பின் முதல் பக்கத்தில்,
‘இத்திட்டத்துக்கு நிதி வழங்கியோர்’ என்பதன் கீழே,
இதைவிடப் பெரிதாக இருந்தது.
அவரை வெளியே தள்ளிய கையும்
என்னை உள்ளே அழைத்த கையும்
ஒரே சட்டையிலிருந்துதான் நீண்டிருந்தன.

கோபம் வந்தது.
ஏரிக்காற்றும் வந்தது.
புதுக் கொதிகலன் கீழே மெல்ல உறுமிக்கொண்டிருந்தது;
அது இரண்டாம் தவணையில் வாங்கியது,
அந்த இலையின் பணம்.
நான் அதை அணைக்கவில்லை.

எண்ணைத் தேடிக் கூப்பிட்டேன்.
இருபது நிமிடம் பியானோ வாசித்தார்கள்.
பிறகு ஒரு பெண் சொன்னாள்:
அந்தக் கணக்கு எப்போதோ மூடப்பட்டுவிட்டது, அம்மா.
அப்படியானால் கடிதம்?
அது தானாகப் போவது.
அவர் இப்போது எங்கே?
அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை.
சற்று நின்று, தாழ்ந்த குரலில்:
எங்களுக்கும் தெரியாது.

இன்று காலை ஆய்வாளர் வந்தார்.
டார்ச் விளக்கோடு ஒவ்வொரு அறையாக,
சுவரைத் தட்டி, குழாயைத் திறந்து,
சூடாகும்வரை விரலை நீட்டிக் காத்திருந்தார்.
மாடிப்படியில் அளவுநாடாவை இழுத்தார்.
கைப்பிடி முப்பத்துநான்கு அங்குலம் வேண்டும்.
இருப்பது முப்பத்திரண்டரை.
மூன்றாம் தவணை
அந்த ஒன்றரை அங்குலத்துக்கு மேலே நிற்கிறது.
லியாண்டர் முணுமுணுத்தபடி
துளைப்பானை எடுக்க வெளியே போனான்.

சமையலறையில் ஆய்வாளர் நின்றார்.
எல்லாச் சுவருக்கும் புது வெள்ளை;
ஒரு சதுரம் மட்டும் பழைய மஞ்சள்,
அதன் நடுவே ஜூலை.
‘இதைக் கழற்றவில்லையா?’ என்றார்.

‘உங்கள் பட்டியலில் இல்லை’ என்றேன்.